எக்ஸ்டி மெமரி கார்டில் 41256 போட்ட பிறகு 'பேரிட்டி செக் 2'

கேள்வி:
வணக்கம். என்னிடம் ஐபிஎம் 5160 (எக்ஸ்டி) என்ற பழைய கணினி ஒன்று இருக்கிறது. மாமா கணக்கு எழுதிய மெஷின். அதை முழு 640கே மெமரியோடு ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மதர்போர்டில் 256கே. கூடவே 8 பிட் மெமரி கார்டு ஒன்று: மூன்று வரிசை சாக்கெட், வரிசைக்கு ஒன்பது, எல்லாமே 4164 (64கே பிட் மெமரி சிப்). அது 192கே. ஆக மொத்தம் 448.

முதல் வரிசையில் மட்டும் 41256 (256கே பிட் சிப்) போட்டு ஜம்பரை (கார்டின் அமைப்பை மாற்றும் சின்ன இணைப்பு) மாற்றினால் கார்டு 384கே ஆகும் என்று கையேட்டில் இருந்தது. எட்டு பிட் ஒரு பைட் என்று கணக்குப் போட்டு எட்டு சிப் வாங்கி மாட்டினேன். ஒன்பதாவது சாக்கெட்டில் பழைய 4164 அப்படியே இருக்கிறது. ஆன் செய்தால் 640 வரை எண்ணுகிறது, டாஸும் வருகிறது. பெரிய விரிதாளைத் திறந்தால் மட்டும் 'பேரிட்டி செக் 2' என்று காட்டி நின்றுவிடுகிறது. வாங்கிய சிப்பில் கோளாறா?

பதில் 1:
சிப்பின் கால்கள் கறுத்திருக்கின்றனவா பாருங்கள். துடைத்து மாட்டினாலே சில நேரம் சரியாகிவிடும். வேகம் காரணமாக இருக்காது, 4.77 மெகாஹெர்ட்ஸுக்கு 150 நானோசெகண்ட் சிப் தாராளம்.

பதில் 2:
செக் 1 என்றால் மதர்போர்டு, 2 என்றால் கார்டு. உங்கள் எட்டு சிப்பும் நல்லவையாகத்தான் இருக்கும். விஷயம் அந்த ஒன்பதாவதில்.

ஒவ்வொரு பைட்டுக்கும் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு பேரிட்டி பிட் உண்டு, அது அந்த ஒன்பதாவது சிப்பில் போய் உட்காரும். 41256-இன் முதல் கால் ஏ8 என்ற முகவரிக் கோடு. 4164-இல் அதே கால் உள்ளே எதோடும் சேராத வெறும் கால். அதனால் நான்கு வெவ்வேறு பைட்டுகளின் பேரிட்டி ஒரே இடத்தில் போய் விழுகிறது. கடைசியாக எழுதியதுதான் மிஞ்சும்.

அப்படியானால் 640 வரை எப்படி எண்ணியது? தொடக்கச் சோதனை துண்டு துண்டாக எழுதி உடனே படித்துப் பார்க்கும். உங்கள் கார்டில் முகவரியின் மேல் பிட்டுகள் ஏ8-க்குப் போகின்றன போலும். ஒரு 64கே துண்டுக்குள் இருக்கும்வரை சின்ன சிப்பும் ஈடுகொடுத்துவிடும். விரிதாள் பல துண்டுகளில் பரவும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. நானும் ஒருமுறை இதே இடத்தில் இரண்டு நாள் எட்டு சிப்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதைத் தொடவே தோன்றவில்லை.

இன்னொரு 41256 வாங்குங்கள். எச்எம்50256, டிஎம்எஸ்4256 என்று எழுதியிருந்தாலும் அதேதான். மாட்டும்போது சிப்பின் ஓரப் பள்ளம் பக்கத்துச் சிப்போடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு முறை பாருங்கள். இந்த சிப்பில் 8-ஆம் கால் 5 வோல்ட், 16-ஆம் கால் கிரவுண்ட். திருப்பி மாட்டினால் மின்சாரம் நேர் தலைகீழாகப் போய் சிப் சூடேறிச் செத்துவிடும்.

பதில் 3:
பேரிட்டி சோதனையையே மென்பொருளில் அணைத்துவிடலாமே? சிப் வாங்க வேண்டியதில்லை.

பதில் 2:
முடியும், ஆனால் தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு ஒரு சிப் உண்மையிலேயே பழுதானால் ஏதோ ஒரு தொகையில் ஒரு இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கணக்கு எழுதிய மெஷின் என்கிறார். ஒன்பதாவது வரும்வரை பழைய எட்டையும் போட்டு, ஜம்பரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், 448-இல் ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒன்பதாவது சிப் நேற்று வந்தது. பள்ளம் பார்த்து மாட்டினேன். அதே விரிதாள் திறந்தது. மேலும் கீழும் அரை மணி நேரம் நகர்த்தினேன், நிற்கவில்லை. மாமாவிடம் காட்டினேன், அவர் பழைய பேரேட்டுக் கோப்பு இருக்கும் ஃபிளாப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரொம்ப நன்றி.