பிள்ளைகள் ஆளான பின் மலைக்குத் திரும்பியவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

குன்னூர் மருமகள்

என் மாமனார் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என் கணவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் குடியிருப்பில்தான். உருக்காலை வேலை அவரைப் பிலாய்க்குக் கொண்டுபோனது. இளைய மகளின் திருமணம் முடிந்து, அவரும் ஓய்வு பெற்றதும் குன்னூருக்குக் கிளம்பிவிட்டோம். சாமான் லாரி முன்னால் போய்விட, சத்தீஸ்கர் பதிவெண் கொண்ட எங்கள் காரில் நாங்கள் பின்னால் வந்தோம். வெளியூர் வண்டிகள் நீலகிரி மலைக்கு ஏற இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும்.

கல்லாறு சோதனைச் சாவடியில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். மரியாதையாகவே பேசினார். பாஸ் எடுக்கவில்லை என்றதும், இங்கேயே எடுத்துவிடலாம் என்று சொல்லி, என் கணவரின் கைபேசியிலேயே படிவத்தைத் திறந்து கொடுத்தார். பெயர், வண்டி எண், உடன் வருவோர் எண்ணிக்கை எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டே வந்த என் கணவர், மலையிலிருந்து இறங்கும் தேதியைக் கேட்ட கட்டத்தில் நின்றுவிட்டார். "நாங்க இறங்கப் போறதில்லம்மா" என்றார். "ஏதாவது ஒரு தேதி போடுங்க சார், இல்லேன்னா அடுத்த பக்கம் வராது" என்றார் அந்தப் பெண். பின்னால் மேட்டுப்பாளையம் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. இவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் தேதியை நான் இட்டேன். பர்லியார் தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்தப் பெண்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் பணியில் இருந்த காலமெல்லாம், விடுப்பு முடிந்து திரும்பும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டே இந்த ஊருக்கு வந்து போனவர், அந்தத் தேதி இல்லாமல் வந்த முதல் நாளிலும் ஒன்றை எழுதிக் கொடுத்துத்தான் ஏற வேண்டியிருந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

கோத்தகிரி ஓய்வாளர்

சகோதரியின் மன வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இ-பாஸ் முறையைக் குறையாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. அதற்கு முந்தைய ஒரு கோடைச் சீசனில், மும்பையிலிருந்து நாங்கள் இங்கே குடியேறிய புதிதில், குன்னூர் சாலை நெரிசலில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி, முன்னால் நின்ற ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி வழி கேட்டுக்கொண்டே நடந்ததைப் பார்த்தேன். உள்ளே கிடந்தவர் யார், பிழைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தட்டும் ஓசை மட்டும் என் காதில் இருக்கிறது. மலையில் வயதான காலத்தைக் கழிக்க வந்திருக்கும் நாம்தான் இந்தக் கட்டுப்பாட்டை முதலில் ஆதரிக்க வேண்டும்.

உங்கள் சிக்கலுக்குத் தீர்வு எளியது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். வண்டியைப் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்குங்கள். வண்டிக்கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்டி நீலகிரிக்குரிய 'டி.என். 43' எண் பெற்றுவிட்டால் இந்த மாவட்டத்தின் எந்தச் சாவடியிலும் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே கட்டிய ஆயுள்கால வரியில் மீதத்தைத் திரும்பக் கேட்கவும் மறவாதீர்கள். அதுவரை, உள்ளூர் முகவரிச் சான்றைக் காட்டி உள்ளூர்வாசிக்கான பாஸ் பெற்றுக்கொள்ளலாம்.

வீடு வாங்கும் எண்ணமிருந்தால் இன்னும் சில சொல்லிவிடுகிறேன். வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா என்று கேளுங்கள், ஏனெனில் இங்கே பங்காளிகள் பலர் பெயரில் ஒரே பட்டா இருப்பது சாதாரணம். நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப முடியாது என்பதை நினைவில் வைத்து, தரகர் காட்டும் வரைபடத்தை நம்பாமல் அனுமதி ஆணையையே கேட்டு வாங்குங்கள். காட்சி அழகாக இருக்கிறது என்று சரிவின் விளிம்பில் நிற்கும் வீட்டை வாங்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனையும். எனவே ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களையும் வாடகை வீட்டில் கழித்துவிட்டு, சுவரில் எங்கே ஓதம் ஏறுகிறது, எந்த மதகு அடைத்துக்கொள்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

ராஞ்சி அக்கா

பாஸ் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்திற்குள் நான் வரவில்லை. நான் படுகர் வீட்டுப் பெண். எங்கள் ஹட்டி, அதாவது படுகர் கிராமம், கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணவரின் வேலை காரணமாக ராஞ்சியின் டோரண்டா பகுதியில் வாழ்ந்து, மகன் வேலைக்குப் போன பிறகு இங்கே வந்தோம்.

வந்த சில வாரங்களில், தம்பியின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் நாளன்று நானும் போயிருந்தேன். இப்போது கையால் பறிப்பவர்கள் குறைவு. பை கட்டிய கத்தரியைச் செடியின் மேல் படியவிட்டுச் 'சரக் சரக்' என்று வெட்டிக்கொண்டே போகிறார்கள். அந்தச் சத்தத்திற்கு நடுவே, வரப்பில் விளையாடிய குழந்தையை ஒரு பெண் அதட்டிய குரல் கேட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். ராஞ்சிச் சந்தையில் எனக்குக் காய் விற்ற பெண்கள் பேசிய அதே நாக்புரி மொழி. நான் இந்தியில், "எந்த ஊர் நீ?" என்று கேட்டதும் முதலில் பயந்தாள். டோரண்டாவில் இருந்தவள் நான் என்று சொன்னதும் கத்தரியைச் செடிமேலேயே போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்த அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துக் கிராமமாம். மூத்த பிள்ளைகள் இருவரும் அவள் அம்மாவிடம் இருக்கிறார்கள். அவர்களின் வசந்தகாலப் பண்டிகையான சர்ஹுலுக்குக்கூட ஊருக்குப் போக முடியவில்லை என்றாள். பிறகு என்னைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளைகள் பெரியவர்களான பிறகுதான் திரும்பி வந்தேன் என்றதும், "அதுவரைக்கும் உங்கள் வீட்டையும் நிலத்தையும் யார் பார்த்துக்கொண்டார்கள், தீதி (அக்கா)?" என்றாள். என் தம்பி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தம்பி இல்லை" என்று சொல்லிக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராஞ்சியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊரை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு வீடும், அதன் கூரையை மாற்றிக்கொண்டே இருந்த ஒருவனும் இருந்ததை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று மாலையே தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் எதுவும் பேசாமல் எனக்குக் காபி கலந்து கொடுத்தான்.

பண்டாரவளையில் பிறந்தவன்

கோத்தகிரி ஐயா பட்டாவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பட்டாவே கிடைக்காத இடங்களும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன என்பதை அவருக்குப் பணிவோடு நினைவூட்டுகிறேன். கூடலூர்ப் பக்கம் ஜென்மிகள் என்ற பழைய பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நிலச் சட்டத்தில் சிக்கிய நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் மின் இணைப்புக்கே அலைகிறார்கள். அவர்களிடம் போய்த் தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா என்று எப்படிக் கேட்பது?

நாங்கள் 1964-இன் இந்திய - இலங்கை (சிறிமாவோ - சாஸ்திரி) ஒப்பந்தப்படி இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள். மண்டபம் முகாமிலிருந்து கூடலூர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டோம். நான் பெங்களூருவில் பிழைத்து, பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது கூடலூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வந்ததும் நாங்கள் வளர்ந்த லயன் வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டைப் பார்க்கப் போனேன். அப்பா ஓய்வு பெற்றபோது காலி செய்த வீடு அது. கதவைத் திறந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. அசாமிலிருந்து வந்தவர்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஆனாலும் அவர் என்னை உள்ளே அழைத்து, அம்மா அடுப்பு வைத்திருந்த அதே மூலையில் தேநீர் போட்டுக் கொடுத்தார். அந்தப் புகைக்கரி இன்னும் சுவரில் இருந்தது. அப்பா சாகும்வரை பண்டாரவளையையே பேசினார். அவருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட இடம் இது, எனக்கோ உண்மையிலேயே இதுதான் ஊர்.

ராஞ்சி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணிடம் ஜார்க்கண்ட் குடும்ப அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் ஆதார் இணைத்திருந்தால், கைரேகை வைத்து இங்குள்ள கடையிலேயே அவள் தன் பங்குத் தானியத்தை வாங்கலாம். மீதியை ஊரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக்கொள்ள முடியும். கடைக்காரர் தயங்கினால் நீங்கள் கூடவே போய் நில்லுங்கள், ஏனெனில் மொழி தெரியாதவர்களை நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவது எளிது. வரப்பில் விளையாடும் அந்தக் குழந்தையை ஹட்டி அங்கன்வாடியில் சேர்க்க முடியுமா என்றும் உங்கள் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.