புதுப்பிப்பு: கிட்டாரோடு பாடுபவருக்கு பேஸ் வாசிப்பது
பாடகி தானே கிட்டாரும் வாசிக்கிறார், நான் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) சேர்த்தால் எல்லாம் குழம்பிப் போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

அவர் கட்டைவிரலால் மீட்டும் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். நான் பேஸின் மெல்லிய தந்திகளில் ஏறி அதே இடத்தில் உலாவிக்கொண்டிருந்தேன். இப்போது கீழேயே, 41 ஹெர்ட்ஸ் ஈ தந்தியை ஒட்டி, கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) அடிப்படைச் சுரமான ரூட் நோட்டை மட்டும் பிடிக்கிறேன். உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே லேசாக வைத்தால் ஒலி சீக்கிரம் அடங்குகிறது. பாட்டு வரிகள் தெளிவாகக் கேட்கின்றன.

அப்புறம் கேப்போ, அதாவது கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடித்து சுருதியை உயர்த்தும் கிளிப். அதை இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) போட்டு அவர் ஜி கார்டு பிடித்தால் ஒலிப்பது ஏ கார்டு. அவர் கையை மட்டும் பார்த்து நான் வாசித்தால் தப்புதான்.

நேற்று முதல் சரணம் முழுக்க நான் வாசிக்கவே இல்லை. பல்லவி திரும்பியபோது நுழைந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.