8 ரூபாய் பங்குதான் மலிவா?

கரூர்_புதுசு:
பங்கு வாங்கி வைக்க போன வாரம்தான் டீமேட் கணக்கு திறந்தேன், கையில் பத்தாயிரம் இருக்கிறது. ஆபீஸில் ஒருவர், எம்ஆர்எஃப் எல்லாம் நமக்கு எட்டாது, வோடஃபோன் ஐடியா எட்டு ரூபாயில் இருந்தபோது ஆயிரம் பங்கு வாங்கினேன், இரண்டு ரூபாய் ஏறினால் இரண்டாயிரம் லாபம் என்கிறார். இப்படி விலை குறைந்த பங்காகப் பார்த்து வாங்குவது சரியா? அப்புறம் ஆர்டர் போடும்போது சிஎன்சியா எம்ஐஎஸ்ஸா என்று கேட்கிறதே, எதை அமுக்க?

பேரேடு:
எட்டு ரூபாயில் இரண்டு ரூபாய் என்றால் 25 சதவீதம் சார், அவ்வளவு லேசில் ஏறாது. மொத்தம் எத்தனை பங்கு இருக்கிறது என்று பாருங்கள். எம்ஆர்எஃப்பில் இருப்பதே சுமார் 42.4 லட்சம் பங்கு, ஒன்று ஒன்றரை லட்சம் என்று வைத்தாலும் கம்பெனியின் விலை 63,600 கோடி. வோடஃபோன் ஐடியாவில், 2025 ஏப்ரலில் அரசு தனக்கு வர வேண்டிய பாக்கியில் 36,950 கோடியைப் பங்காக மாற்றிக்கொண்ட பிறகு, 10,800 கோடிப் பங்குக்கு மேல். எட்டு ரூபாயால் பெருக்கினால் 86,000 கோடியைத் தாண்டுகிறது. இப்போது சொல்லுங்கள், எது மலிவு?

மாலை_மூன்றரை:
சிஎன்சி என்றால் டெலிவரி. பங்கு மறு வர்த்தக நாளில் டீமேட்டுக்கு வரும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். எம்ஐஎஸ் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, சந்தை மூடும் முன் நீங்கள் விற்காவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார், லாபமோ நஷ்டமோ, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குபவர்களும் உண்டு. இன்னொன்று, டெலிவரிப் பங்கை விற்கும்போது டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கு டிபி கட்டணம் என்று பிடிப்பார்கள், ஒரு பங்கு விற்றாலும் ஆயிரம் விற்றாலும் ஒரே தொகை. சில்லறை சில்லறையாக விற்றால் அதிலேயே கரையும்.

நெல்லை_இண்டெக்ஸ்:
பேரேடு சொன்ன கணக்கு பாதிதான். 86,000 கோடி மலிவா இல்லையா என்பது கம்பெனி சம்பாதிப்பதைப் பொறுத்தது, லாபமே பார்க்காமல் வருஷக்கணக்காக ஓடிய கம்பெனிக்கு பி/ஈ (பங்கின் விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு) பார்க்கவும் வழியில்லை. பத்தாயிரத்துக்கு நான் என்றால் நிஃப்டி 50 இடிஎஃப்தான் வாங்குவேன், பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்ட் அது, நிஃப்டி குறியீட்டில் உள்ள ஐம்பது கம்பெனியும் சேர்ந்து வரும். அந்த ஆபீஸ் நண்பர் அடுத்து ஆப்ஷன் பக்கம் கூப்பிட்டால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுங்கள்: மூன்று நிதியாண்டுகளில் எஃப்&ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

கரூர்_புதுசு:
சரி, இடிஎஃப்பே வாங்குகிறேன். அப்போதைய விலைக்கே வாங்கும் மார்க்கெட் ஆர்டரா, நாமே விலை குறிக்கும் லிமிட்டா?

நெல்லை_இண்டெக்ஸ்:
லிமிட். சில இடிஎஃப்களில் வாங்குபவர் விற்பவர் குறைவு, மார்க்கெட் ஆர்டர் கண்ட விலைக்கு முடிந்துவிடும். ஐநேவி, அதாவது இடிஎஃப்புக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு, பார்த்துவிட்டு அதை ஒட்டியே விலை போடுங்கள்.