மகள் இரட்டையர் ஆட்டத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாமா? வேலூர்ப் பகுதி இறகுப்பந்து அன்பர்களிடம் ஒரு கேள்வி

குடியாத்தம் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தத்தில் வசிக்கிறோம். என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். சிறு வயதிலிருந்து இறகுப்பந்து ஆடி வருகிறாள். பள்ளி விட்டதும் பேருந்தில் காட்பாடிக்குச் சென்று பயிற்சி பெற்று இரவில் வீடு திரும்புகிறாள். மாவட்ட அளவில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் பரிசு பெற்றிருக்கிறாள். இனி ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் மட்டும் அவள் கவனம் செலுத்த வேண்டும் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருக்கிறது. தனியாக நின்று வெல்ல முடியாதவர்கள்தான் துணை தேடுவார்கள் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். இளமையில் ஐவர் பூப்பந்து ஆடிய என் மாமனார் ஒருவர்தான், சேர்ந்து ஆடுவது எளிது என்று நினைப்பவர்கள் ஆடிப் பார்த்ததில்லை என்று பேத்திக்காகப் பரிந்து பேசுகிறார். இரட்டையர் ஆட்டக்காரராக ஒரு பெண் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? வருமானம், வேலை, ஆடக்கூடிய வயது ஆகியவை எப்படி இருக்கும்? ஒற்றையரை இந்த வயதிலேயே விடுவது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இராணிப்பேட்டைப் பயிற்சியாளர்

அம்மா, வணக்கம். நான் இராணிப்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஒற்றையரில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் இரட்டையர் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பல நல்ல பிள்ளைகளின் மனத்தை ஒடித்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே களத்தில் நடக்கும் வெவ்வேறு ஆட்டங்கள். ஒற்றையருக்குக் களத்தின் அகலம் 17 அடி, இரட்டையருக்கு 20 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரட்டையரில் சர்வீஸ் போடும்போது மட்டும் பின்கோடு 76 செ.மீ. உள்ளே வந்துவிடுகிறது என்பதைப் பார்வையாளர்கள் பலர் கவனிப்பதில்லை. இரட்டையரின் குணத்தைத் தீர்மானிப்பது அந்தக் கோடுதான். ஒற்றையரில் போடுவதுபோல உயரத் தூக்கிச் சர்வீஸ் போட்டால், களம் குறுகியிருப்பதால் எதிரணி அதை எளிதாக எட்டி ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக அடிக்கும் அடி) அடித்துவிடும். ஆகவே சர்வீஸ் வலையை ஒட்டித் தாழ்வாகத்தான் போக வேண்டும். அடிக்கும் நொடியில் ஷட்டில் (இறகுப்பந்து) தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தத் தாழ்வான சர்வீஸைத் துல்லியமாகப் போடுவதே ஒரு தனிக் கலையாகிவிட்டது. சர்வீஸ், அதைத் திருப்பும் அடி, அதற்கு அடுத்த அடி ஆகிய மூன்றுக்குள் எந்த அணியின் கை ஓங்கும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒற்றையரில் பொறுமையாக எதிராளியை ஓடவிட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேகம் முற்றிலும் புதிது.

பெண்கள் இரட்டையருக்கு இன்னொரு தன்மையும் உண்டு. ஆண்கள் ஆட்டத்தைப்போல ஒரே ஸ்மாஷில் புள்ளி கிடைப்பது அங்கே அரிது. தடுப்பு வலுவாக இருப்பதால் ரேலிகள் (ஒரு புள்ளிக்காக இரு பக்கமும் மாறி மாறி அடிக்கும் தொடர் அடிகள்) நீண்டுகொண்டே போகும், இருவரும் இடம் மாறி மாறி ஓயாமல் தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே உங்கள் மகளின் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: அவளிடம் எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்? கைவேகம், வலையருகே முன்கூட்டியே ஊகிக்கும் திறன், சர்வீஸில் பதற்றமின்மை என்று அவர் பதில் சொன்னால் அவரை நம்புங்கள். கால்வேகம் போதாது என்பது மட்டுமே அவருடைய காரணமானால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள், ஏனென்றால் இன்றைய பெண்கள் இரட்டையர் கால்களிடம் ஒற்றையரைவிடக் குறைவாக எதையும் கேட்பதில்லை.

நம் பகுதியின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ஒற்றையர் பயிற்சிக்கு நல்ல எதிராளி ஒருவர் போதும். இரட்டையருக்கோ ஒரே தரத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருக்க வேண்டும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களையும் சேர்த்தாலும் அப்படி நான்கு பெண்களை மாலைதோறும் ஓரிடத்தில் கூட்டுவது கடினம். பையன்களின் இணையை எதிர்த்து ஆடவிடுவதுதான் நான் கண்ட வழி. அவர்களுடைய ஸ்மாஷைத் தடுத்துப் பழகிய பெண்ணுக்கு மாநிலப் போட்டியில் வரும் ஸ்மாஷ் பயம் தராது. ஆனால் வலையருகே நிற்பவர் திரும்பிப் பின்னால் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளிலேயே கண்டிப்பாகப் பழக்க வேண்டும். இரட்டையரில் கண்ணில் ஷட்டில் படும் விபத்துகள் பல இப்படித் திரும்பும்போதுதான் நேர்கின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணிவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆற்காடு முன்னாள் வீரர்

சகோதரிக்கு வணக்கம். ஆற்காட்டில் பிறந்தவன் நான். பல்கலைக்கழக அணியிலும் பின்னர் மாநிலப் போட்டிகளிலும் இரட்டையர் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று இப்போது சென்னையில் இருக்கிறேன். பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

உலகச் சுற்றுப் போட்டிகளில் பரிசுத்தொகை பிரிக்கப்படும் விதம் இரட்டையருக்குச் சாதகமாக இல்லை. பல போட்டிகளில் மொத்தத் தொகையில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 7.5 சதவீதம், இரட்டையரில் வெல்லும் இணைக்கு 7.9 சதவீதம், அதையும் இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலர் என்றால் ஒற்றையரில் வென்றவர் 7,500 டாலர் பெறுவார், இரட்டையரில் வென்ற ஒவ்வொருவருக்கும் 3,950 டாலர்தான் கிடைக்கும். விமானச் செலவும் விடுதிச் செலவும் இருவருக்கும் ஒன்றே. ஆகவே பரிசுப் பணத்தை மட்டும் நம்பி எந்த இரட்டையர் வீரரும் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. ஊதியம் தரும் வேலையும் விளம்பரதாரர் ஆதரவும் சேர்ந்தால்தான் நிலைக்க முடியும். என் அனுபவத்தில் வேலைதான் அடித்தளம். ரயில்வே, பெட்ரோலிய நிறுவனங்கள், வருமான வரித்துறை போன்ற இடங்களில் விளையாட்டு வீரர்களை எடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. தேசிய அளவில் பெறும் சான்றிதழ்கள்தான் இவற்றுக்குக் கதவைத் திறக்கும், அதனால் ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரட்டையருக்கு ஒரு பெரிய சாதகம் அணிப் போட்டிகளில் இருக்கிறது. ஆண்களுக்கான தாமஸ் கோப்பை, பெண்களுக்கான ஊபர் கோப்பை இரண்டிலும் ஐந்து ஆட்டங்களில் இரண்டு இரட்டையர். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடும் சுதிர்மான் கோப்பையில் ஐந்தில் மூன்று இரட்டையர். ஒற்றையர் நட்சத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாடு இவற்றை வெல்ல முடியாது. 2022இல் பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தி இந்தியா முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்றபோது, இரண்டாவது ஆட்டத்தில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் பெற்ற வெற்றி இல்லாமல் அந்த நாள் அப்படி அமைந்திருக்காது. 2024இல் இந்தியப் பெண்கள் ஆசிய அணிப் போட்டியை வென்றபோது, இறுதிச் சுற்றில் திரீசா ஜாலி, காயத்ரி கோபிசந்த் இணை தன் ஆட்டத்தை வென்று கொடுத்தது. பல்கலைக்கழக அணித் தேர்விலும் இதே கணக்குதான். நல்ல இரட்டையர் ஆட்டக்காரரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தோனேசியாவின் ஹெந்த்ரா செத்தியவான் 2007இல் மார்க்கிஸ் கிடோவுடன் உலகப் பட்டம் வென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2019இல் முகமது அஹ்சானுடன் மீண்டும் வென்றார். நாற்பது வயதில்தான் ஓய்வு பெற்றார். நம் அஸ்வினி பொன்னப்பா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அனுபவத்துக்கு இரட்டையரில் இருக்கும் மதிப்பு, தனி ஒருவர் களம் முழுவதும் ஓட வேண்டிய ஒற்றையரில் அந்த அளவுக்கு இருப்பதில்லை.

குடியாத்தம் தாய்

இருவருக்கும் மிக்க நன்றி. பயிற்சியாளரிடம் பேசினேன். வலையருகே அவளுடைய கை மிகவும் விரைவாக வேலை செய்கிறது, எதிராளி எங்கே அடிப்பார் என்று முன்பே நகர்ந்துவிடுகிறாள் என்றார்; எனக்கு ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. ஆனால் இன்னொரு கவலை முளைத்துவிட்டது. அவளுடன் இப்போது ஆடும் பெண் வாணியம்பாடியைச் சேர்ந்தவள். பதினோராம் வகுப்புக்கு அவளைப் பெங்களூரில் சேர்க்கலாமா என்று அவள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் போய்விட்டால் என் மகளின் உழைப்பெல்லாம் என்ன ஆகும்? வேறொருவர் முடிவால் பிள்ளையின் எதிர்காலம் மாறிவிடும் என்பதை நினைத்தால் மனம் கலங்குகிறது.

இராணிப்பேட்டைப் பயிற்சியாளர்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. இரட்டையர் வாழ்க்கையின் மையமே இந்தக் கேள்விதான். சர்வதேசத் தரவரிசைப் புள்ளிகள் இணையின் பெயரில்தான் சேர்கின்றன. ஒருவர் காயப்பட்டால் இருவரும் நிற்க வேண்டும். 2024இல் சாத்விக்கின் தோள் காயத்தால் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியிலிருந்து அந்த இணையே விலகியது, சிராக் நலமாக இருந்தும் பயனில்லை.

ஆனாலும் இணை பிரிவதால் ஆட்டக்காரரின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அஸ்வினியையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஜுவாலா குட்டாவுடன் உலகப் போட்டியில் வெண்கலம், 2018இல் சிக்கி ரெட்டியுடன் காமன்வெல்த் வெண்கலம், பிறகு தன்னைவிடப் பல ஆண்டுகள் இளையவரான தனிஷா கிராஸ்டோவுடன் பாரிஸ் பயணம். ஜுவாலா இடக்கையர், தனிஷா வலக்கையர். ஒவ்வொருவருடனும் நிற்கும் இடமும் நகரும் திசையும் மாறியிருக்கும். அதை மீண்டும் மீண்டும் கற்றுக்கொண்டதால்தான் அவரால் இத்தனை காலம் ஆட முடிந்தது. உங்கள் மகளிடமும் வளர்க்க வேண்டிய திறமை இதுவே.

சாத்விக், சிராக் இருவரையும் 2016இல் இணைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். ஒருவர் ஆந்திரத்தின் அமலாபுரம், மற்றவர் மும்பை. அப்போது ஒருவருக்குப் பதினாறு வயது, மற்றவருக்குப் பத்தொன்பது. இருவருமே பின்களத்திலிருந்து அடித்துப் பழகியவர்கள் என்பதால் அந்தச் சேர்க்கை பொருந்துவதாகத் தோன்றவில்லை. சிராக் வலையருகே ஆடுவதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அதன் பலன் உடனே கிடைத்துவிடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிவுச் சுற்றின் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றும், மூன்று இணைகள் சமநிலையில் இருந்ததால் வென்ற, தோற்ற கேம்களின் (ஓர் ஆட்டத்தின் பகுதிகளின்) வித்தியாசத்தில் வெளியேறினார்கள். அவர்கள் முதல் ஆட்டத்தில் தோற்கடித்த தைவானின் லீ யாங், வாங் சி-லின் இணைதான் இறுதியில் தங்கம் வென்றது. அந்த நாளில் ஒருவரையொருவர் குறை சொல்லிப் பிரிந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சேர்ந்தே நின்றார்கள். 2023இல் ஆசிய விளையாட்டுத் தங்கமும் உலகத் தரவரிசையில் முதலிடமும் அவர்களைத் தேடி வந்தன. இதை நான் என் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே ஓர் இணை நீடிக்குமா என்று என்னால் ஓரளவு சொல்ல முடிகிறது. உங்கள் மகளும் வாணியம்பாடிப் பெண்ணும் அப்படிப்பட்ட நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நீங்களும் கவனியுங்கள்.

ஒற்றையரை உடனே முழுவதுமாக விட வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் ஓராண்டு மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஒற்றையருக்கும் பெயர் கொடுக்கட்டும். களம் முழுவதையும் தனியாகக் காக்கும் பழக்கம் கால்களுக்கு நல்லது. ஆனால் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி இரட்டையருக்கே போகட்டும். கலப்பு இரட்டையரில் பெண் பெரும்பாலும் வலையருகே நிற்பதால், உங்கள் மகளின் கைக்கு அது மிகவும் ஏற்றது. பெண்கள் இணை உடைந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கும்.

ஆற்காடு முன்னாள் வீரர்

பயிற்சியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெங்களூர் போவதால் இணை உடைந்தே தீர வேண்டும் என்றில்லை. வாணியம்பாடியும் காட்பாடியும் சென்னை, பெங்களூர் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. விடுமுறைகளிலும் போட்டிக்கு முந்தைய வாரங்களிலும் இருவரும் சேர்ந்து பயிற்சி பெற முடியும். நானும் என் இணையும் வெவ்வேறு ஊர்களில் படித்துக்கொண்டே இப்படித்தான் ஆடினோம். அந்தப் பெண் வேறு மாநிலத்துக்காக ஆடப் பதிவு செய்துகொண்டால் மட்டும் நிலைமை மாறும், ஏனென்றால் மாநில அணியிலும் மாநிலப் போட்டிகளிலும் இருவரும் சேர்ந்து ஆட முடியாமல் போகும். எனவே அவள் படிப்புக்காக எங்கே போகிறாள் என்பதைவிட, எந்த மாநிலத்தின் வீராங்கனையாகத் தொடரப்போகிறாள் என்பதையே அவளுடைய பெற்றோரிடம் கேட்க வேண்டும். சேர்க்கை முடிவாவதற்கு முன்பே வாணியம்பாடிக்கு நேரில் போய்ப் பேசுங்கள், பிள்ளைகள் இருவரையும் அருகில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.