மறுமொழி: பருவத்தின் கடைசிப் பகுதிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரின் ஒரு பருவத்தின் கடைசிப் பகுதியைக் குறிக்கும் 'சீசன் ஃபினாலே'வுக்குச் சென்ற வாரம் நான் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். பெங்களூர் அல்சூரில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறு வட்டம் அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்த்து உரையாடுகிறது என்பதையும், அதற்கான அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதையும் முன்பே சொல்லியிருந்தேன். அந்தக் குறிப்பில் 'சீசன் ஃபினாலே' என்று எழுத மனம் வரவில்லை.

> பருவம் என்றால் மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. சீசன் என்றே இருக்கட்டுமே.

ஐயா, சீசன் என்றால் மட்டும் குற்றாலமும் மாம்பழமும் நினைவுக்கு வருவதில்லையா? அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய தொடர்கள் செப்டம்பரில் தொடங்கி மே மாத வாக்கில் முடிந்த வழக்கத்தால்தான் இப்பெயர் நிலைத்தது. ஆகவே காலத்தைக் குறிக்கும் சொல்லே மூலத்திலும் உள்ளது. நம்மிடமோ பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் உண்டு. வில்லிபாரதமும் பருவங்களாகவே பகுக்கப்பட்டிருக்கிறது. அங்கு வரும் பருவம், கணு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. கரும்பின் கணுவைப் போல, ஒன்று முடிந்து மற்றொன்று கிளம்பும் இடம் என்று கொண்டால் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

இனி 'ஃபினாலே'. 'உச்சக்கட்டம்' பொருந்தாது, கதையின் உச்சம் கடைசிக்கு முந்திய பகுதியிலேயே வந்துவிடக்கூடும். 'இறுதிப் பகுதி' என்றால் தொடரே முடிந்துவிட்டதாகப் படிப்பவர் எண்ணுவார். என் பக்கத்து வீட்டு அம்மா கன்னடத் தொடர்களைப் பற்றிப் பேசும்போது 'அந்திம சஞ்சிகெ' என்பார். அதுவும் தொடரின் கடைசி நாளைத்தான் குறிக்கிறது. (சஞ்சிகை என்றால் இதழ் என்று பழகிய நம் காதுக்கு இது முதலில் வேடிக்கையாகவே இருக்கும்.) 'நிறைவுப் பகுதி' என்ற பரிந்துரை அழகானது, ஆனால் பல பருவங்கள் நிறைவதே இல்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் மூன்றாம் பருவத்தின் 26ஆம் பகுதி 1990 ஜூன் 18 அன்று ஒளிபரப்பானது. எண்டர்பிரைஸ் விண்கப்பலின் தலைவர் பிக்கார்டைப் 'போர்க்' (Borg) என்னும் வேற்றுலக இனத்தவர் கவர்ந்துசென்று தம்முள் ஒருவராக மாற்றிவிடுகிறார்கள். அவர் இருக்கும் கப்பலின்மீதே சுடும்படி அவருடைய துணைத்தலைவர் ரைக்கர் ஆணையிடுகிறார். அத்துடன் 'தொடரும்' என்று எழுத்து விழுந்துவிடுகிறது. சுட்டார்களா, சுட்டது பலித்ததா என்பதை அறிய அன்றைய பார்வையாளர்கள் செப்டம்பர் 24 வரை, அதாவது 98 நாள், காத்திருந்தார்கள். பருவத்தின் கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் கதையின் வாக்கியம் முடியவில்லை.

ஆங்கிலத்தில் 'கிளிஃப்ஹேங்கர்' (மலை விளிம்பில் தொங்குவது) எனப்படும் இத்தகைய முடிவுக்குத் 'தொங்குமுடிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலக் கதையில் மலை விளிம்பில் தொங்கியவனை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? போதாததற்கு, தொங்கு சட்டசபை என்று எழுதிப் பழகிய செய்தித்தாள்கள் இச்சொல்லின் பொருளை வேறு பக்கம் இழுத்துவிட்டன.

> அந்தாதி என்று சொல்லலாமே?

இந்தப் பரிந்துரையை எழுதிய அம்மையாருக்கு என் நன்றி. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்சொன்ன பகுதிக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனெனில் நான்காம் பருவம் அதே ஆணையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்தாதியில் முன்பாட்டின் ஈறே பின்பாட்டின் முதலாக வர வேண்டும். விட்ட இடத்தை உடனே தொடாமல், சில மாதங்கள் தாண்டியோ வேறொருவரின் கதையிலோ அடுத்த பருவத்தைத் தொடங்கும் தொடர்களும் பல என்பதால் இச்சொல் பாதி வழியில் நம்மைக் கைவிட்டுவிடும்.

எனவே நான் இலக்கணத்துக்குப் போகிறேன். வாரஇதழ்த் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில் 'முற்றும்' என்று அச்சிடுவது நம் எல்லோருக்கும் பழகிய வழக்கம். அதையொட்டிப் பருவத்தின் கடைசிப் பகுதியைப் 'பருவமுற்று' எனலாம். தொடரே முடிந்தால் அது 'தொடர்முற்று'. மேற்சொன்ன தொடருக்கு 1994 மே 23 அன்று வந்தது தொடர்முற்று. இனி, முடிந்தது போன்ற வடிவில் நின்று முடியாமல் இருக்கும் பருவமுற்றை 'முற்றெச்சம்' என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. 'கண்டனன் வணங்கினான்' என்பதில் 'கண்டனன்' பார்வைக்கு வினைமுற்று, பொருளிலோ 'கண்டு' என்னும் எச்சம். அடுத்து ஒரு வினை வந்தால்தான் அதற்கு விடுதலை. ரைக்கரின் ஆணையும் அப்படியே நிற்கிறது. அடுத்த பருவம் வராமலே ஒளிபரப்பு நிறுவனம் தொடரைக் கைவிட்டுவிட்டால், முடிக்கும் சொல் கிடைக்காத எச்சமாகவே அது நின்றுவிடும் என்பதையும் இச்சொல் தானாகவே உணர்த்துகிறது.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். எச்சம் என்றதும் பறவையை நினைத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று என் மகளே சொல்லிவிட்டாள். ஆனால் பள்ளியில் பெயரெச்சமும் வினையெச்சமும் படிக்கும்போது அந்தச் சிரிப்பு ஒரு வகுப்புக்கு மேல் நீடிப்பதில்லை. இலக்கணச் சொல்லை வேறு துறைக்கு இழுக்கலாமா என்பதற்கு, நிரல்நிறையில் இருந்த 'நிரல்' இன்று கணினிக்குப் போய் நலமாக வாழ்கிறது என்பதே என் பதில். இலக்கணப் பொருளோடு குழம்பக்கூடிய இடங்களில் மட்டும் 'கதைமுற்றெச்சம்' என்று விரித்து எழுதலாம்.

'பருவமுற்று' என்று சேர்த்து எழுதுவதா, 'பருவ முற்று' என்று பிரிப்பதா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. பிரித்தால் 'பருவம் முற்றியது' என்று, வெண்டைக்காயைச் சொல்வது போலப் படித்துவிடுவார்களோ என்ற அச்சமே காரணம். குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இந்த ஒன்றையாவது முடிவுசெய்ய உதவ வேண்டுகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து