இறால் ஒவ்வாமை உள்ளவரைக் கடலுணவு கவுண்டருக்கு அழைத்துப் போவது பற்றி உதவி தேவை

அடுத்த சனிக்கிழமை அக்காவின் பிறந்தநாள். நகரத்தில் உள்ள ஒரு உயர்தரக் கடலுணவு உணவகத்தில், கவுண்டரில் இரண்டு இருக்கைகள் பதிவு செய்திருக்கிறேன். மெனு கிடையாது. செஃப் கண்ணெதிரே செய்து ஒவ்வொன்றாக வைப்பார்.

சிக்கல் என்னவென்றால், போன மாதம் இறால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே அக்காவுக்கு உதடு வீங்கி, தொண்டை இறுகிவிட்டது. பரிசோதனையில் இறால், நண்டு இரண்டுக்கும் ஒவ்வாமை என்று வந்தது. மீனால் பிரச்சினை இல்லை, சாப்பிடலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும்.

என் பயம் அந்தக் கவுண்டர்தான். இறால் நறுக்கிய அதே பலகை, அதே கத்தியில் மீனும் வரும். ஒவ்வாமை தரும் ட்ரோபோமயோசின் புரதம் வேகவைத்தாலும் அழியாது, கொதிக்கும் ஆவியிலும் கலந்து வரலாம். நாங்கள் உட்காருவதோ அடுப்புக்கு நேர் எதிரே.

பதிவு செய்யும்போதே ஒவ்வாமையைக் குறிப்பிட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால் "கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். தனிக் கத்தி, தனி எண்ணெய் உண்டா, சாஸிலோ சூப்பிலோ இறால் சாறு சேருமா என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. தள்ளியிருக்கும் மேசைக்கு மாற்றச் சொன்னேன், எல்லாம் நிரம்பிவிட்டதாம். அக்காவுக்கு மீன் என்றால் உயிர். அதனால்தான் ரத்து செய்ய மனம் வரவில்லை.

இதே ஒவ்வாமையோடு கவுண்டரில் சாப்பிட்டவர்களோ, அப்படிப்பட்ட சமையலறையில் வேலை பார்த்தவர்களோ சொல்லுங்கள்: செஃபிடம் நேரில் எதையெல்லாம் உறுதி செய்துகொண்டால் தைரியமாகப் போகலாம்?