மறு: ஸ்லட்ஜுக்குத் தமிழ்ல 'சேறு' வேணாம், 'கருமண்டி'ன்னு வைப்போமா?

அண்ணே, வணக்கம். வீட்டைச் சூடாக்கற பாய்லர், ரேடியேட்டர் சங்கதிகளுக்கு நாம போடற தமிழ்ச் சொல் பட்டியல்ல, ரேடியேட்டர் (சுடுதண்ணி ஓடி ரூமைச் சூடாக்கறது) அடியில தங்கற ஸ்லட்ஜுக்கு 'சேறு'ன்னும் அதைக் கழுவி ஃப்ளஷ் பண்றதுக்கு 'சேறகற்றல்'னும் போட்டிருந்தீங்க, எனக்கு மனசு ஒப்பல.

சேறுன்னா மண்ணும் தண்ணியும் கலந்தது, வெளியில இருந்து கால்ல ஒட்டிட்டு வர்றது. ரேடியேட்டருக்குள்ள கெடக்கறது அப்படியா வந்துச்சு? தண்ணியில இருக்கற ஆக்சிஜன் இரும்பை அரிச்சு, அந்த இரும்பே பொடியாகி அங்கயே அடியில தங்குது. காத்து தாராளமா பட்டா செவப்புத் துரு, மூடின பைப்புல ஆக்சிஜன் கம்மி, அதனால கறுப்பு, அதாவது மேக்னடைட்ங்கற கறுத்த துரு. எங்கயாவது ஒழுகி நாம அடிக்கடி புதுத் தண்ணி ஏத்திக்கிட்டே இருந்தா கூடவே ஆக்சிஜனும் போகும், துரு நிக்கவே நிக்காது.

நான் இருக்கறது ஜோகன்னஸ்பர்க்ல. இங்க பெரும்பாலும் கேஸ் ஹீட்டர், ஆயில் ஹீட்டர்தான், எங்க வாடகை வீட்ல எப்படியோ பாய்லரும் ரேடியேட்டரும் இருக்கு. போன ஜூலை குளிர்ல ஒரு ரேடியேட்டர் மேல சுடுது, அடியில கை வெச்சா ஜில்லுன்னு இருக்கு. மேல ஜில்லுன்னு இருந்தா காத்து அடைச்சிருக்கு, அடியில ஜில்லுன்னா இந்தக் கசடு. பார்க்க வந்த ஆளு ரேடியேட்டரையே மாத்தணும்னுட்டாரு. நான் ரெண்டு பக்கமும் வால்வை மூடி, ஆறவிட்டு, கழட்டி வெள்ளை பக்கெட்ல கவுத்தேன், மை மாதிரி கொட்டுச்சு. ஃபிரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தை பக்கெட்டுக்கு வெளியில வெச்சு இழுத்தா உள்ள அந்தக் கறுப்புப் பொடி காந்தம் போற பக்கமே ஊர்ந்து வருது!

பக்கத்து வீட்டு ஆயா டர்பன்ல பொறந்தவங்க. 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்ததுல தொடங்கி கரும்புத் தோட்டத்துக்கு ஆளுங்க வந்தாங்கல்ல, அந்த வழி. தமிழ் அவங்ககிட்ட அடுப்படியிலயும் கோயில்லயும்தான் மிச்சம் இருக்கு. எட்டிப் பார்த்துட்டு "என்ன தம்பி இவ்ளோ மண்டி"ன்னாங்க. எண்ணெய் மண்டி, காப்பி மண்டின்னு நாம சொல்ற அதே மண்டி. அடியில தங்கறதுக்குன்னே இருக்கற சொல்லு அண்ணே, இதை விட்டுட்டு நாம ஏன் சேத்துல கால் வைக்கணும்?

அரிசி மண்டின்னு கடைக்கும் சொல்றாங்களேன்னு அக்கா கேட்டிருந்தாங்க, நியாயம்தான். அதனாலதான் 'கருமண்டி'. கறுப்புன்னு சேர்ந்துட்டா குழப்பம் வராது, செவப்புத் துருவுல இருந்தும் பிரிஞ்சு நிக்கும். மெஷின் வெச்சு வேகமா தண்ணி ஓட்டிக் கழுவறதுக்கு 'மண்டி அலசுதல்', வெறும் 'அலசல்'னு போட்டா பத்திரிகைக் கட்டுரைன்னு நெனச்சுக்குவாங்க. பைப்புல மாட்டற ஃபில்டருக்கு 'காந்த வடிகட்டி', அலசினப்புறம் ஊத்தற இன்ஹிபிட்டருக்கு 'துருத்தடுப்பி'.

ரேடியேட்டர்ல அடைச்ச காத்தை வெளியேத்தறதுக்கு, அதாவது ப்ளீட் பண்றதுக்கு, யாரோ 'குருதி வடித்தல்'னு எழுதியிருந்தாங்க, தயவுசெஞ்சு அதை எடுத்துருங்க. பம்பை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியை கால் சுத்து திருப்பினா உஸ்ஸுன்னு காத்து போகும், தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடணும், அப்புறம் பிரஷர் 1ல இருந்து 1.5 பார் இருக்கான்னு பார்க்கணும். போறது காத்துதானே, சைக்கிள் ட்யூப்ல செய்யற மாதிரி 'காத்து பிடுங்கறது', எழுத்துல 'காற்று நீக்கல்'னு வெச்சுக்கலாம். அண்ணே, பட்டியல்ல ஏத்தறதுக்கு முன்னாடி 'கருமண்டி' பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.